சின்னப் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால்: டீயா, டாஸா, வெறுங்கையா?

மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு மண் திடல் இருக்கிறது. நீளம் 25 மீட்டர், அகலம் 20 மீட்டர் இருக்கும். ஒரு பக்கம் கார்கள், இன்னொரு பக்கம் வேப்பமரம், அதையொட்டி அடுத்த வீட்டுக் காம்பவுண்டுச் சுவர். 5 வயதிலிருந்து 8 வயதுக்குள் 16 பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களுக்கு சாஃப்ட்பால், அதாவது பேஸ்பால் மாதிரி பேட்டால் பந்தை அடித்துவிட்டு ஓடும் ஆட்டம், சொல்லித் தரலாம் என்று நான் கேட்டதும் சங்கத்தில் சம்மதித்துவிட்டார்கள். நான் கல்லூரியில் கேட்ச்சராக, அதாவது அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவளாக, ஆடியவள். துணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் மூன்றாவது மாடி அண்ணன், லீக் கிரிக்கெட் ஆடியவர்.

எப்படிச் சொல்லித் தருவது என்பதில்தான் மூன்று பேரும் மூன்று பக்கம் நின்றோம். "முதல்ல எறியக் கத்துக்கட்டும், பிடிக்கக் கத்துக்கட்டும். பேட்டெல்லாம் அப்புறம்" என்றார் சார். "அதெல்லாம் போரடிச்சு ஓடிடுவாங்க சார். நேரா மேட்ச் விடுங்க, தானா வரும்" என்றார் அண்ணன். நான் டீயில் ஆரம்பிக்கலாம் என்றேன். டீ என்பது இடுப்பு உயரத்தில் பந்தை நிறுத்தி வைக்கும் ஒரு கம்பம். யாரும் பந்து வீச வேண்டாம், நிற்கிற பந்தைப் பிள்ளை அடித்தால் போதும்.

மூன்றையும் செய்து பார்த்தோம். பிறகு நாங்கள் யாரும் நினைக்காத நான்காவது ஒன்றும் வந்து சேர்ந்தது. உங்கள் தெருவிலோ பள்ளியிலோ ஆரம்பிக்க நினைத்தால் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று நீங்கள் முடிவு செய்ய உதவும் என்பதால் எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் தெருவில் ஆடும்போது கடைக்குட்டியை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வோம். அவன் அவுட்டானாலும் அவுட் இல்லை, பிடித்தாலும் கணக்கில் இல்லை. அழாமல் இருப்பதற்காக நடுவில் நிறுத்தி வைத்திருப்போம். போன வருடம் என் மகளை ஒரு கோடை முகாமில் சேர்த்திருந்தேன். முகாமின் பெயர் வேண்டாம். நான்காம் நாள் வந்தவளிடம், "இன்னிக்கு என்னடி கத்துக்கிட்ட?" என்றேன். "பந்து பொறுக்கினேன்மா" என்றாள். அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள், எனக்குத்தான் மனசு பிசைந்தது. ஒன்றரை மணி நேரம் ஏப்ரல் வெயிலில் நின்று பெரிய பிள்ளைகளின் பந்தைப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறாள். காசு கட்டி அவளை ஒப்புக்குச் சப்பாணி ஆக்கியிருக்கிறேன்.

அதனால் என் கேள்வி ஒன்றுதான். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை முறை பந்தைத் தொடுகிறது, எத்தனை முறை ஓடுகிறது? ஆட்டத்தின் நுணுக்கம், விதி, கிளவுஸ் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

வரிசையும் விசிலும்

சார் சொன்ன முறையில் உண்மை இருக்கிறது. எறிகிற பழக்கம் சின்ன வயதில் கோணலாகப் படிந்துவிட்டால் பத்து வயதில் நிமிர்த்துவது கஷ்டம். எங்கள் 16 பேரில் 11 பேர் வலது கையால் எறியும்போது வலது காலையே முன்னால் வைத்தார்கள். இடது கால் முன்னால் போக வேண்டும், உடம்பு பக்கவாட்டில் திரும்ப வேண்டும். இதைச் சொல்லித் தரத்தான் வேண்டும்.

சொல்லித் தரும் விதத்தில்தான் சிக்கல். 16 பேர் ஒரே வரிசை, சார் முன்னால் நின்று ஆளுக்கு ஒரு பந்து போடுகிறார், பிடித்து எறிந்துவிட்டுப் பின்னால் போய் நிற்க வேண்டும். ஒரு முறைக்கு 20 வினாடி என்று வையுங்கள். மறுபடி முறை வர ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்கு அதிகபட்சம் 11 பந்து. மீதி நேரத்தில் ஐந்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? முன்னால் நிற்பவனின் சட்டையை இழுக்கும், மண்ணைக் கிளறும், தண்ணீர் கேட்கும். பிள்ளைக்கு ஒழுக்கம் இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

வரிசையை உடைத்தோம், சாரின் பாடத்தை விடவில்லை. இரண்டிரண்டு பேராக எட்டு ஜோடி, எட்டு பந்து. கோலமாவால் தரையில் இரண்டு பாதம் வரைந்தோம். பின்பாதம் வெறும் கோடு, முன்பாதத்துக்குள் ஒரு பூ. "பூ மேல மிதிச்சுட்டு எறி" என்பது மட்டும்தான் பாடம். இடது கால், வலது கால் என்று சொல்லவே இல்லை. கல்மாவாகவே வாங்குங்கள். முதல் வாரம் அரிசிமாவில் போட்டுவிட்டோம், பத்து நிமிடத்தில் எறும்பு மொய்த்துவிட்டது.

எறிவதற்கு ஏழாங்கல்லைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. ஏழு ஓட்டாஞ்சில்லை அடுக்கிவைத்து ஐந்து மீட்டரிலிருந்து எறியச் சொன்னால், குறி வைப்பது, பலம் போடுவது, விழுந்ததும் ஓடுவது எல்லாம் தானாக நடக்கிறது. சார் முதலில் முகம் சுளித்தார். மூன்றாவது வாரம் அவரே சில்லு பொறுக்கிக்கொண்டு வந்தார்.

பிடிப்பதற்கு தண்ணீர் பலூன். கையை விறைப்பாக நீட்டினால் உடைந்து முகமெல்லாம் தண்ணீர். பந்து வரும்போது கையைக் கூடவே உள்ளே இழுத்துக்கொண்டால் உடையாது. நாங்கள் கல்லூரியில் மாதக்கணக்கில் 'கை மெத்துனு இருக்கணும்' என்று கேட்டுக் கேட்டுப் பழகியது இது. இரண்டாம் பிளாக் பையன் ஒருவன் நான்கு பலூனை உடைத்துவிட்டு ஐந்தாவதைக் குழந்தையை வாங்குவதுபோல் நெஞ்சோடு அணைத்து வாங்கினான். அதன் பிறகு அவன் பந்தையும் அப்படித்தான் வாங்குகிறான். சென்னை வெயிலுக்கு நனைவதும் நல்லதுதான். உடைந்த ரப்பர் துண்டுகளை மட்டும் எண்ணிப் பொறுக்கிவிடுங்கள், நாய்கள் தின்றுவிடும்.

நேரடி மேட்ச்

அண்ணன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. பிள்ளைகள் ஆட வருகிறார்கள், பயிற்சி செய்ய வருவதில்லை. ஆனால் பெரியவர்களின் சாஃப்ட்பாலை அப்படியே சுருக்கி ஐந்து வயதுக்குப் போட்டால் அதில் ஆட்டம் நடப்பதே இல்லை.

முதல் காரணம் பந்து. மென்பந்து என்ற பெயரை நம்பிவிடாதீர்கள். பெரியவர்கள் ஆடும் பந்தின் சுற்றளவு 12 அங்குலம், எடை 177 கிராமிலிருந்து 198 கிராம் வரை. கிரிக்கெட் பந்தே 163 கிராமைத் தாண்டாது. பெயர் வந்த கதை வேறு. 1887இல் சிகாகோவில் ஒரு படகு கிளப் கட்டடத்துக்குள், பாக்ஸிங் கிளவுஸை நூலால் இறுகக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் குச்சியால் அடித்து ஆரம்பித்த ஆட்டம் இது. அந்தப் பந்து மெத்தென்றுதான் இருந்தது. பிறகு தீயணைப்பு வீரர்கள் ஆடிய ஒரு வகைக்கு பூனைக்குட்டிப் பந்து என்றுகூடப் பெயர் இருந்தது. சாஃப்ட்பால் என்ற பெயரை 1926இல் ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த வால்டர் ஹகன்சன் முன்வைத்தார். அதற்கு ஆறு வருடம் முன்பே, 1920இல், ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் நம் ஊரில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். இன்றைக்கு நந்தனத்தில் இருப்பது அதுதான். எங்கள் சார் அங்கேதான் படித்தவர், பக் பெயரைச் சொன்னாலே நிமிர்ந்து உட்காருவார். எங்கள் பிள்ளைகள் இப்போது ஆட்டத்தையே 'பூனைக்குட்டிப் பந்து' என்றுதான் சொல்கிறார்கள்.

இரண்டாவது காரணம் இடம். அடித்தவர் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளையும் தொட்டு ஓடி வர வேண்டும், அந்த மூலைதான் பேஸ். ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 60 அடி, அதாவது 18.29 மீட்டர். பெண்கள் ஆட்டத்தில் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், நிற்கும் தூரம் 43 அடி. எங்கள் திடலில் இந்தச் சதுரத்தைப் போட்டால் அவுட்ஃபீல்டுக்கு இடமே இல்லை.

மூன்றாவதுதான் பெரிய காரணம். ஆறு வயதுப் பிள்ளையால் இன்னொரு ஆறு வயதுப் பிள்ளை அடிக்கிற மாதிரி பந்து போட முடியாது. பத்து பந்தில் ஒன்பது தரையில் உருளும், தலைக்கு மேல் போகும், பக்கத்து வீட்டுக்குப் போகும். அடிக்கிறவன் சும்மா நிற்கிறான், பிடிக்கிறவர்கள் எட்டு பேரும் சும்மா நிற்கிறார்கள். நாங்கள் ஆடிய ஒரே ஒரு மேட்சில் வலது ஓரத்தில் நின்ற சிறுமியை மட்டும் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். 40 நிமிடத்தில் பந்து அவள் கைக்கு இரண்டு முறை வந்தது. வேப்பங்கொட்டை 23 பொறுக்கியிருந்தாள், எனக்கு எண்ணிக் காட்டினாள்.

இருந்தாலும் அந்த மேட்ச் ஒரு நல்லது செய்தது. கிரிக்கெட் எவ்வளவு ஆழமாக இவர்கள் உடம்பில் ஊறியிருக்கிறது என்று காட்டிவிட்டது. அடித்ததும் பேட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். முதல் பேஸைத் தொட்டதும் திரும்பி வந்த வழியே ஓடிவந்தார்கள். ஒருவன் மெதுவாகத் தட்டிவிட்டு, "ரன் வேணாம் ஆன்ட்டி" என்று நின்றுகொண்டான். சாஃப்ட்பாலில் கோட்டுக்குள் அடித்துவிட்டால் ஓடித்தான் ஆக வேண்டும். பேட்டைப் போட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும், வட்டமாகத்தான் ஓட வேண்டும். நம் ஊரில் சாஃப்ட்பால் சொல்லித் தருகிறவர்கள் முதல் நாளே இந்த மூன்றையும் ஆட்டமாக்கிவிட வேண்டும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

டீ

இங்கேதான் அதிக நேரம் நிற்கப் போகிறேன். ஐந்து, ஆறு வயதுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்று நம்புகிறேன்.

ஓடிவரும் பந்தைக் கண்ணால் தொடர்ந்து, எப்போது வீசுவது என்று முடிவு செய்து, பேட்டையும் சுழற்றுவது என்றால் ஒரே நேரத்தில் மூன்று வேலை. டீ அதில் இரண்டை எடுத்துவிடுகிறது. பந்து நிற்கிறது, அடிப்பது மட்டும்தான் வேலை. அடித்துவிட்டால் சத்தம் கேட்கிறது, பந்து பறக்கிறது, எல்லாரும் கத்துகிறார்கள். அந்த ஒரு நொடிதான் பிள்ளையை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் எழுப்பிக் கொண்டுவருகிறது.

கடையில் வாங்கலாம். நேரு ஸ்டேடியத்தை ஒட்டி பெரியமேட்டில் விளையாட்டுப் பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே கேட்டுப் பாருங்கள். நாங்கள் செய்துகொண்டோம். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு அளவு பிவிசி குழாய். வெளிக்குழாயில் வரிசையாக ஓட்டை, அதில் ஒரு ஆணி. உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். காலி பெயின்ட் வாளியில் குழாயை நிறுத்தி மணலைக் கொட்டிவிட்டால் அடித்தளம் ஆயிற்று. உச்சியில் மட்டும் வெறும் குழாயை விடாதீர்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஓஸில் ஒரு ஜாண் வெட்டி மாட்டுங்கள். முதல் நாள் பாதி அடி குழாய் மேல்தான் விழும். ஓஸ் வளைந்து கொடுக்கும், பிவிசி விரிந்துவிடும், பிள்ளையின் மணிக்கட்டும் வலிக்கும். மூன்று டீயும் சேர்த்து எங்களுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

பந்து பிள்ளையின் இடுப்பு உயரத்தில், முன்காலுக்கு நேராக இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் கிரிக்கெட் ஸ்டான்ஸில் பேட்டைத் தரையில் தட்டிக்கொண்டு நிற்பார்கள். "பேட்டைத் தோள்ல தூங்க வெச்சுக்கோ. இப்ப எழுப்பு. இப்ப அடி" என்று சொன்னால் வந்துவிடுகிறது. பேட்டைத் தூங்க வைப்பதில் எங்கள் ஐந்து வயதுக்காரர்களுக்கு அவ்வளவு பிரியம், ஒருத்தி அதற்கு தாலாட்டே பாடுவாள்.

டீயில் இரண்டு ஆபத்து உண்டு. பந்தால் வருவதில்லை, பேட்டால் வருவது. அடித்த வேகத்தில் பேட்டைப் பின்னால் வீசி எறிந்துவிட்டு ஓடுவது ஒன்று. சுழலும் பேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை வந்து நிற்பது இன்னொன்று. இரண்டுக்கும் கோலமாவுதான் மருந்து. டீயைச் சுற்றி மூன்று மீட்டரில் பெரிய வட்டம், அதற்குள் அடிப்பவரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. வட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம், அது 'பேட் வீடு'. அடித்ததும் பேட்டை அந்த வீட்டில் படுக்க வைத்துவிட்டுத்தான் ஓட வேண்டும், மறந்தால் திரும்பி வந்து வைத்துவிட்டு ஓட வேண்டும். பேட்டோடு ஓடுகிற கிரிக்கெட் பழக்கமும் இதிலேயே போய்விட்டது.

ஒரே ஒரு டீ வைத்தால் சாரின் வரிசைக்கே திரும்பிவிடுவோம் என்பதை மறக்க வேண்டாம். மூன்று டீ, மூன்று பெரியவர்கள், டீக்கு ஐந்தாறு பேர். இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் அடிக்கிறார், மற்றவர்கள் பந்தைத் துரத்திப் பிடித்து வாளியில் போடுகிறார்கள். எல்லாப் பந்தும் வாளிக்கு வருவதற்குள் அடித்தவன் நான்கு பேஸையும் சுற்றி வந்துவிட வேண்டும். இதில் யாருமே நிற்பதில்லை. இந்த ஒரு ஆட்டத்தை மட்டும் நாங்கள் ஆறு ஞாயிறு ஆடினோம், ஐந்து, ஆறு வயதுக்காரர்கள் ஒருவரும் சலிப்பு என்று சொல்லவில்லை.

குறையும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று வாரத்தில் டீ சலித்துவிடுகிறது. 'இது பேபி கேம்' என்று சொல்லிவிட்டார்கள் என்றால் அதற்கு மேல் வற்புறுத்தக் கூடாது.

டாஸ்

அப்போதுதான் டீக்கு அடுத்த படியாக, டாஸோடு அண்ணன் களத்துக்கு வந்தார். பெரியவர் ஒருவர் ஒரு காலை மண்டியிட்டு, நான்கைந்து மீட்டர் தள்ளி முன்னால் உட்கார்ந்து, கீழ்க்கையால் மெதுவாகப் பந்தைத் தூக்கிப் போடுவது. பிள்ளைகள் வீசும் பந்தைவிட நூறு மடங்கு நம்பகமானது. அண்ணன் கை கிரிக்கெட் கை, ஒரே இடத்தில் ஒரே உயரத்தில் போட்டுக்கொண்டே இருப்பார்.

டீயிலிருந்து டாஸுக்கு எப்போது மாற்றுவது? வயதை வைத்து மாற்றாதீர்கள். பத்து முறை அடித்தால் ஏழு முறை நேராகப் பந்தில் பட்டால் மாற்றலாம் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி மூன்றாவது வாரமே வந்துவிட்டாள். எட்டு வயதுப் பையன் ஒருவன் இன்னும் டீயில்தான் அடிக்கிறான். அவனை மற்றவர்கள் முன்னால் இறக்கிக் காட்டாமல் இருக்க, எல்லாருக்கும் ஒரே விதி போட்டோம். நான்கு டாஸ் போடுவோம், படவில்லை என்றால் ஐந்தாவதை டீயில் வைத்துத் தருவோம். மூன்று முறை தவறவிட்டால் அவுட் என்கிற ஸ்ட்ரைக் அவுட் என்பதே கிடையாது. எல்லாரும் அடித்த பிறகுதான் இன்னிங்ஸ் முடியும்.

டாஸில் பயம் தெரியவரும். பந்து வரும்போது கண்ணை மூடுகிற பிள்ளை, முகத்தைத் திருப்புகிற பிள்ளை. 'பயப்படாதே' என்று சொல்லிப் பயனில்லை. வெறும் பலூனைப் போட்டு, பாட்மின்டன் ராக்கெட்டைக் கையில் கொடுங்கள். மெதுவாக வருகிற ஒன்றைக் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்கப் பழகிய பிறகு, உள்ளே ஸ்பாஞ்ச் இருக்கும் பெரிய பந்தான பஞ்சுப் பந்துக்குப் போகலாம். மழைக்காலத்தில் இதை வீட்டு ஹாலிலேயே செய்யலாம்.

பிட்சிங்கைப் பற்றி ஒரே வார்த்தை. கையை முழுச் சக்கரமாகச் சுற்றி வீசும் விண்ட்மில்லை இந்த வயதில் சொல்லித் தர வேண்டாம் என்பது என் திடமான கருத்து. யூடியூபில் பார்த்துவிட்டு வந்து கேட்பார்கள். கோலிக்குண்டு உருட்டுவதுபோல் கீழ்க்கையால் ஒரு வாளிக்குள் பந்தைப் போடப் பழகினால் போதும்.

வெறுங்கை

நாங்கள் நினைக்காத நான்காவது வழி இது. ஒரு ஞாயிறு பேட் வைத்திருந்த அறைச் சாவி கிடைக்கவில்லை. பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். அப்போதுதான் பேஸ்பால்5 நினைவுக்கு வந்தது. உலக பேஸ்பால் சாஃப்ட்பால் கூட்டமைப்பே உருவாக்கிய தெரு வடிவம். பேட் இல்லை, கிளவுஸ் இல்லை, பிட்சர் இல்லை. ஒரு ரப்பர் பந்து மட்டும். அடிக்கிறவரே பந்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளங்கையாலோ முஷ்டியாலோ அடித்துவிட்டு ஓட வேண்டும். பக்கத்துக்கு 5 பேர், 5 இன்னிங்ஸ், பேஸ் தூரம் 13 மீட்டர், 18 மீட்டர் சதுரம் போதும். எங்கள் திடலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி, பந்து தரையில் படாமல் நேராக எல்லையைத் தாண்டினால் அடித்தவர் அவுட். கிரிக்கெட்டில் சிக்ஸர், இதில் அவுட். கார் கண்ணாடிக்கும் பக்கத்து வீட்டுப் பூந்தொட்டிக்கும் இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறென்ன? ஓங்கி அடிப்பதைவிட்டு ஆள் இல்லாத இடம் பார்த்து அடிக்க அன்றைக்கே கற்றுக்கொண்டார்கள். நாங்கள் பேஸ் தூரத்தை 9 மீட்டராகக் குறைத்துக்கொண்டோம். தப்பாக அடித்தால் உடனே அவுட் என்ற விதியையும் தளர்த்தி மூன்று வாய்ப்பு கொடுத்தோம்.

ஐந்து பேர் மட்டுமே என்பதால் யாரும் ஓரத்தில் நிற்பதில்லை. வேப்பங்கொட்டை பொறுக்கிய சிறுமி அன்று இரண்டாவது பேஸில் நின்றாள். தரையில் உருண்டு வந்த பந்தை இரண்டு கையாலும் அள்ளி, ஓடுகிறவர் வந்து சேர்வதற்குள் பேஸை மிதித்துவிட்டு, "அவுட்டு! நான்தான் பண்ணேன்!" என்று கத்தியது மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது. அவளுடைய பாட்டி பால்கனியிலிருந்து, "என்ன கண்ணு ஆச்சு?" என்று பதறி எட்டிப் பார்த்தார்.

குறை என்று சொன்னால், பேட் பிடிக்கும் ஆசையோடு வருகிற பிள்ளைக்கு இது மட்டும் போதாது. அடிக்கும் கலை இதில் வளராது. ஆனால் ஓட்டம், எந்தப் பேஸுக்கு எறிவது என்ற யோசனை, தரைப்பந்தைப் பிடிப்பது மூன்றும் மற்ற எல்லாவற்றையும்விட இதில் வேகமாக வருகிறது. செலவு ஒரு ரப்பர் பந்து. மாநகராட்சிப் பள்ளியிலோ குடிசைப் பகுதியிலோ ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் யோசிக்காமல் இதை எடுங்கள்.

பந்து, கிளவுஸ், இடம், நேரம்

பந்தில் முதல் வருடம் பஞ்சுப் பந்துதான். டென்னிஸ் பந்து எல்லார் வீட்டிலும் இருக்கிறதே என்று தோன்றும். 60 கிராமுக்குள் இருப்பதால் வலிக்காது, ஆனால் சின்னது, அதிகம் எகிறும், பிஞ்சுக் கைக்கு நழுவும். எறிந்து பழக டென்னிஸ் பந்து, அடிக்கவும் பிடிக்கவும் பஞ்சுப் பந்து என்று பிரித்துக்கொண்டோம். 11 அங்குலப் பந்தை எட்டு வயதுக்காரர்களுக்குக் கையில் கொடுத்துப் பழக்குகிறோம், 12 அங்குலத்தை இப்போதைக்குத் தொடவில்லை.

கிளவுஸுக்கு அவசரப்படாதீர்கள். சிகாகோவில் 16 அங்குலப் பந்தை வைத்துக்கொண்டு இன்றைக்கும் பெரியவர்களே வெறுங்கையால்தான் ஆடுகிறார்கள். கையைவிடப் பெரிய, விறைப்பான கிளவுஸை மாட்டினால் பிள்ளை பந்தைப் பிடிக்காது, தட்டிவிடும். முதல் ஆறு மாதம் இரண்டு கை போதும்.

இடத்துக்குக் கடற்கரை எல்லாருக்கும் முதலில் தோன்றும். பெசன்ட் நகருக்கு ஒரு நாள் போனோம். விழுந்து புரண்டு பிடிக்க மணல் அற்புதம், ஆனால் பந்து உருளாது, டீ சாயும், காலையில் கடலைப் பார்த்து அடித்தால் சூரியன் கண்ணில். வருடத்துக்கு இரண்டு முறை உல்லாசமாகப் போகலாம். மாநகராட்சித் திடல்கள் சாயங்காலம் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்குச் சொந்தம், காலை ஏழரைக்குள் போனால் ஒரு மூலை கிடைக்கும். மொட்டை மாடி பலூனுக்கும் சுவரில் எறிந்து பிடிப்பதற்கும் மட்டும். எங்கள் திடலில் ஹோம் பிளேட்டை, அதாவது நின்று அடிக்கும் இடத்தை, கிழக்கு மூலையில் போட்டிருக்கிறோம், அடிக்கும் பிள்ளை மேற்கே பார்க்கும், வெயில் முதுகில் விழும்.

தினமும் நடக்கும் கோடை முகாமா, வாரம் ஒரு நாளா என்று கேட்டால் எனக்கு வாரம் ஒரு நாள்தான். சென்னையில் ஏப்ரல், மே மாதங்களைப் போய் யார் பிள்ளைகளின் விளையாட்டுக்கு ஒதுக்கியது என்று தெரியவில்லை. கத்திரி வெயிலில் காலை எட்டு மணிக்கே தலை கிறுகிறுக்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை, பிறகு ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, ஞாயிறு காலை ஆறரையிலிருந்து ஏழே முக்கால். அக்டோபர் மழை பிடித்தால் ஹாலில் பலூன்.

எங்கள் முடிவு

இந்த ஜூனிலிருந்து ஐந்து, ஆறு வயதுக்காரர்களுக்கு 25 நிமிடம் டீ, 25 நிமிடம் வெறுங்கை ஆட்டம். ஏழு, எட்டு வயதுக்காரர்களுக்கு டீ பத்து நிமிடம், டாஸ் இருபது, மீதி வெறுங்கை மேட்ச். எல்லாருக்கும் தொடக்கத்தில் சாரின் ஏழாங்கல். பெரிய பந்து, கிளவுஸ், பேட் எல்லாம் சேர்ந்த முழு மேட்சை அடுத்த பொங்கலுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். அப்போதும் பக்கத்துக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம் என்றேன், அண்ணனும் தலையாட்டினார்.

உங்களிடம் ஐந்து பிள்ளைகளும் ஒரு பெரியவரும்தான் என்றால் வெறுங்கையில் தொடங்குங்கள். பத்து பேருக்கு மேல், துணைக்கு இரண்டு பேர் கிடைப்பார்கள் என்றால் டீ. ஏற்கெனவே கிரிக்கெட் ஆடி அடிக்கத் தெரிந்த பிள்ளைகள் என்றால் நேராக டாஸுக்குப் போகலாம், ஆனால் பேட் வீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெரியவர் கிடைக்காத இடத்தில் பேட்டையே எடுக்காதீர்கள்.

சாஃப்ட்பால் 1996 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் இருந்தது, பிறகு டோக்கியோவில் ஒரு முறை வந்தது, 2028இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மறுபடி வருகிறது. அதே லாஸ் ஏஞ்சல்ஸில் கிரிக்கெட்டும் வருகிறது. அதை டிவியில் பார்க்கும்போது எங்கள் குட்டிகள் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருப்பார்கள். ஓடுகிறவள் ஏன் முதல் பேஸில் ஆரஞ்சுப் பாதியை மிதிக்கிறாள் என்று அவர்களே பெற்றோருக்குச் சொல்வார்கள். எங்கள் திடலிலும் முதல் பேஸ் இரண்டு நிறம். பிடிக்கிறவருக்கு வெள்ளைக் கோலமாவு, ஓடுகிறவருக்குக் காவிப்பொடி. இருவரும் மோதிக்கொள்ளாமல் இருக்க அதுதான் வழி. போன வாரம் காவி தீர்ந்துவிட்டது. என் மகள் சமையலறைக்கு ஓடிப்போய் மஞ்சள்தூள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள், "இது ஓகேவாம்மா? சீக்கிரம் சொல்லு, நான்தான் அடுத்து அடிக்கணும்."